கட்சுரா தோட்டத்தில் கட்டிவைத்த கல்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து எப்படி இருக்குமோ என்ற கூச்சம் ஒரு பக்கம். சாமி விஷயத்தில் பொய் சொன்னவன் என்ற பயம்தான் பெரிது.

ஜப்பானில், கியோத்தோ நகரத்து இந்திய ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறேன். ராஜா வீட்டைப் பார்க்கக்கூட இந்த ஊரில் முன்கூட்டியே எழுதிப் போட்டு, அனுமதி வந்த பிறகுதான் போக வேண்டும். அப்படி ஒரு விடுமுறை நாளில் நானும் என் மனைவி தனமும் கட்சுரா மாளிகைத் தோட்டத்துக்குப் போனோம். முன்னால் ஒருவர் விளக்கிக்கொண்டே நடப்பார், கடைசியில் ஒரு காவலர் வருவார், நடுவில் நாம். குளத்துக்குள் கூழாங்கல்லை நீளமாகப் பரப்பி, நுனியில் சின்னக் கல்விளக்கு வைத்துக் கடற்கரை மாதிரியே செய்திருந்தார்கள். பழவேற்காட்டு லைட் ஹவுசைப் பார்த்து வளர்ந்த தனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கடல அண்டாவுல புடிச்சி வெச்ச மாதிரி கீதுங்க” என்றாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. அவள் சிரித்து நாளாகியிருந்தது.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளையின் தொடக்கத்தில், தேங்காய் அளவுக் கல் ஒன்று, கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டப்பட்டு இருந்தது. தனம் நின்றுவிட்டாள். எங்கள் குப்பத்து அம்மன் கோயில் வேப்பமரத்தில், பிள்ளை வரம் கேட்கிறவர்கள் கல்லைத் துணியில் முடிந்து தொட்டிலாகக் கட்டுவார்கள். “யாரோ நம்மள மாதிரி வேண்டிக்கினு வெச்சிருக்காங்க” என்றவள், மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றை அவிழ்த்து, ஒரு கூழாங்கல்லில் சுற்றி, அதன் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டாள்.

காவலர் ஓடிவந்தார். கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டி மெதுவாகச் சொன்னார்: இப்படிக் கல் வைத்திருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அர்த்தமாம். சொல்லிவிட்டுத் தலை குனிந்தார். அவரும் கும்பிடுகிறார் என்று நினைத்து தனம் மறுபடி கும்பிட்டாள்.

“இன்னாங்க சொல்றாரு?”

அவள் கண்ணைப் பார்த்தேன். “உன் வேண்டுதல் இங்க பத்திரமா இருக்கும்னு சொல்றாரு.”

மறு வருடம் மகள் பிறந்தாள். அது அம்மன் போட்ட பிச்சை. ஊரிலோ, தனம் போனில் சொன்னதைக் கேட்டு, ஜப்பான் ராஜா தோட்டத்துக் கல் பிள்ளை கொடுக்கும் என்று பேச்சு பரவிவிட்டது. பக்கத்து ஊர் சுண்ணாம்புக்குளத்திலிருந்தெல்லாம் தபாலில் மஞ்சள் கயிறு வந்தது. நான் தட்டிக்கழித்தால் என் தங்கை போனில் குத்துவாள்: “இன்னா அண்ணா, உனுக்குப் பொறந்துட்டா போதுமா? ஒரு கயிறு கட்ட இன்னா வலிக்குது?” போன மாதம் தன் மகளுக்காக அவளே ஒன்று அனுப்பினாள். அந்தப் பெண் டாக்டரிடம் போவதையும் நிறுத்திவிட்டாளாம், கல்லை நம்பி.

அதைக் கேட்ட கையோடு தனத்திடம் உண்மையைச் சொன்னேன். அவள் மகளுக்குத் தலைவாரிக்கொண்டே, “எனுக்கு அப்பால சமாதானம் சொல்லுங்க. அந்தப் பொண்ணுக்கு மொதல்ல சொல்லுங்க” என்றாள்.

அன்றே போன் செய்து சொன்னேன். மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். வந்த கயிறுகள் எல்லாம் இங்கே அம்மன் படத்தடியில் இருக்கின்றன. பனி பெய்கிற ஊரில், பழவேற்காட்டு ஏரிக்கரைப் பெண்களின் வேண்டுதலுக்கு தனம் தினமும் விளக்கேற்றுகிறாள். ஊருக்கு வரும்போது நம் வேப்பமரத்திலேயே கட்டிவிடுகிறேன். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அது வழியை மறிக்க வைத்த கல் என்பதையும், நான் பொய் சொன்னேன் என்பதையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.