வெள்ளிக்கிழமை மட்டும் வந்த வீரம்

நாற்பது வயதில் மன்னார்குடியில் பெண்களுக்கான மல்யுத்த வகுப்பில் சேர்ந்தேன். ஜூடோவில் இருப்பதுபோல் பிடித்து இழுக்கத் தடித்த சட்டை கிடையாது. எதிராளியின் கையையோ கழுத்தையோ வெறும் கையால் பூட்ட வேண்டும். தாங்க முடியாதவர் தரையைத் தட்டினால் தோல்வி.

எல்லா நாளும் நான்தான் தட்டுவேன். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் யார் பூட்டினாலும் நழுவி வந்துவிடுவேன். எப்படி என்று எனக்கே விளங்கவில்லை.

"எல்லாம் அம்மன் அருள்தாம்மா" என்றார் மாமியார். நானும் பாதி நம்பினேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கல்லூரி மாணவி நிஷா என் கழுத்தைப் பூட்டினாள். நான் திமிறியதும் பிடி வழுக்கிப் பின்னால் போய் விழுந்தாள். அவள் தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. ஓடிப்போய் அவளைத் தூக்கிவிட்டேன்.

பயிற்சியாளர் நிஷாவின் கையைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"அக்கா, இன்னிக்கு எண்ணெ தேச்சுக் குளிச்சீங்களா?"

"வெள்ளிக்கிழமையாச்சே, குளிக்காம இருப்பேனா?" என்றேன், எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல்.

"சீயக்கா போட்டாலும் முழுசாப் போகாதுங்க. வேத்ததும் வழுக்குது."

இப்போது வகுப்பில்லாத ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு எண்ணெய்க் குளியல். வெள்ளிக்கிழமையும் முதல் பிடியிலேயே தட்டிவிடுகிறேன். அம்மனுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று மாமியார்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.