தினகரன் ஒருமுறை சொன்னது

பழவேற்காட்டில் மீன் ஏலம் விடும் இடத்தில் என் தம்பி தினகரனைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். அவன் போட்ட முடிச்சு அவிழாது. அவன் அதிகம் பேசமாட்டான். முதலாவது என்றைக்கும் உண்மை. இரண்டாவது முன்பெல்லாம் உண்மையில்லை. சின்ன வயதில் அவன் வாயை அடைக்க நைனா சுட்ட கருவாட்டில் ஒரு துண்டைப் பிய்த்து அவன் கையில் கொடுப்பார். அதைத் தின்றுகொண்டும் பேசுவான்.

நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். என் படிப்பு ஏழாவதோடு நின்றது. அவன் பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் போய்ப் பன்னிரண்டாவது முடித்தான். எங்கள் குப்பத்தில் அந்த வருஷம் முடித்தவன் அவன் ஒருவன்தான். இதைச் சொல்லாமல் அவனைப் பற்றி என்னால் பேச்செடுக்க முடியாது. முடித்துவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போவான் என்று நைனா நினைத்தார். அவன் தன் கூட்டாளி தருமனோடு சேர்ந்து ஒரு ஃபைபர் படகு எடுத்தான். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே வகுப்பு. ஒருவன் சட்டையை மற்றவன் போட்டுக்கொண்டு போவான்.

கல்யாணம் தினகரனுக்குத்தான் முதலில் ஆனது. பெண் வைஷ்ணவி, பொன்னேரிக்கு மேற்கே நெல் விளையும் ஊர். ஏரித்தண்ணீரைப் பார்த்து, "இதுவே கடல் மாதிரி கீதே, அப்ப கடல் எப்டி இருக்கும்?" என்று கேட்டவள், ஒரு மாதத்துக்குள் இறாலை ரகம் பிரிக்கக் கற்றுக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு இன்றுவரை எதுவும் கிடைக்கவில்லை. நாத்தனார் இதைச் சொல்கிறேன் என்றால் நம்பலாம்.

எங்கள் பக்கம் பெரிய புயல் அடித்ததற்கு அடுத்த வருஷம் ஐப்பசியில் ஒரு சாவு நடந்தது. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடு ஒரே இடத்தில் நிற்காது. நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று முழங்கால் தண்ணீர் இருக்கும், அதன்மேல் அலை வந்து உடையும். கடலுக்குப் போய்விட்டுத் திரும்பிய தினகரனும் தருமனும் அந்த வாயில் நுழையும்போது படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. தினகரன் டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான். தருமன் மறுநாள் தெற்குக் கரையில் ஒதுங்கினான்.

சாவு வீட்டில் தினகரன் அழவில்லை. பாடை கட்டினான், பந்தல் பிரித்தான், தருமனின் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தான். "ஆம்பளடா இவன்" என்று ஊரில் சொன்னார்கள். அன்றிலிருந்து அவனுக்குக் கிடைக்கும் மீனில் ஒரு பங்கு தருமன் வீட்டுக்குப் போகிறது. யாரும் கேட்கவில்லை, அவனாகவே கொடுக்கிறான்.

இனி நான் எழுதுவது வைஷ்ணவி என்னிடம் சொன்னது.

மார்கழியில் ஒரு மத்தியானம். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் வந்து குந்தினான். பசிக்கிறதாக்கும் என்று அவள் நினைத்தாள். "எனக்கு முகத்துவாரத்துக்குப் போவ பயமா கீது" என்றான். அவள் கையில் நண்டோடு அவனைப் பார்த்தாள். "இன்ஜின் சத்தம் கேட்டாலே காதப் பொத்திக்கிறேன். யாராண்டயும் சொல்ல முடியல." அதற்குப் பிறகு அவன் இன்னும் ஏதோ சொன்னான். சொல்லிவிட்டு அவள் மடியில் தலை வைத்து அழுதான். நண்டு நாற்றமடிக்கும் கையால் அவன் தலையைத் தொடலாமா என்று அவளுக்குத் தெரியவில்லையாம். பிறகு தொட்டாளாம்.

"எனக்குத் தாலி கட்னது ஒரு நாளு அண்ணி. கல்யாணம் ஆனது அன்னிக்குத்தான்" என்றாள் என்னிடம்.

அந்த மழைநாளுக்குப் பிறகு கொஞ்ச காலம் அந்த வீட்டைப் பார்க்கவே நன்றாக இருந்தது. அவன் மறுபடி பேசினான். ஏலத்தில் நடந்ததை நடித்துக் காட்டுவான். அவள் சிரிப்பு என் வீடுவரை கேட்கும். அவன் ஏரிப் பக்கம் மட்டும் வலை போட்டுக்கொண்டிருந்தான். காற்று சரியில்லை, படகில் வேலை இருக்கிறது என்று கடலுக்குப் போகாததற்கு ஏதாவது காரணம் சொல்வான். நாங்களும் நம்பினோம்.

பிறகு பாடு வந்தது.

எங்கள் பக்கத்தில் இறால் வலை கட்டும் இடங்களை யாரும் நினைத்தபடி பிடித்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு ஊருக்கும் முறை உண்டு. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். நம் ஊர் முறை வரும்போது கல்யாணமான ஆண்கள் கோயில் முன் கூடிச் சீட்டு எடுப்பார்கள். யாருக்கு எந்த இடம் விழுகிறதோ அங்கே கழி நட்டு வலை கட்ட வேண்டும். முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் இறாலும் அதிகம், நீரின் இழுப்பும் அதிகம். ஏரிக்குள் தோணிரேவுப் பக்கத்து இடங்களில் இறால் குறைவு, தண்ணீர் அமைதி. விழுந்த இடம் வேண்டாம் என்றால் இன்னொருவனோடு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அவனவன்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். அவனுக்காக வேறு யாரும் கேட்பதில்லை. பெண்கள் கேட்பது என்பது கிடையவே கிடையாது.

வைஷ்ணவிக்கு இது தெரியாது. அவள் பிறந்த ஊரில் வாய்க்கால் தண்ணீருக்கும் முறை உண்டு. புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்றால் பெண்டாட்டி போய் ஊர்ப் பெரியவரிடம், "எங்க முறைய நாளைக்குத் தள்ளிப் போடுங்க மாமா" என்று கேட்பாள். அதில் யாருக்கும் வெட்கமில்லை. அவள் அம்மா கேட்டு அவள் பார்த்திருக்கிறாள்.

அதனால் அவள், எங்கள் ஊர்ப் பெரியவர் தேசப்பன் மாமாவின் பெண்சாதி ரங்கம்மாளிடம் போனாள். "அத்த, அவருக்கு முகத்துவாரம் ஒத்துக்கல. தருமன் அண்ணன் போனதுலேந்து பயப்படுறாரு. இந்த ஒரு வாட்டி அவருக்கு ஏரிப் பக்கமா வர மாதிரி மாமாவாண்ட சொல்றியா? நான் சொன்னேன்னு தெரிய வேணாம்." அவ்வளவுதான் அவள் கேட்டது. ரங்கம்மாள் கெட்டவள் இல்லை. "இதுக்கு ஏன்டி கண்ணு கலங்குற" என்று சொல்லி அனுப்பினாள்.

சீட்டு எடுக்கும் இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. ஆனால் அன்றைக்கு மட்டும் கோயிலுக்குப் பக்கத்துக் குழாயடியில் கூட்டம் அதிகமாக இருக்கும். குடம் நிரம்பி வழியும், யாரும் எடுக்கமாட்டார்கள். அங்கிருந்தால் எல்லாம் கேட்கும். நானும் இருந்தேன். வைஷ்ணவியும் இருந்தாள்.

தேசப்பன் மாமா சீட்டுகளைக் குலுக்குவதற்கு முன்னால் தொண்டையைக் கனைத்தார். "ஒரு வார்த்த. நம்ம தீனா பேர முகத்துவாரத்துச் சீட்டோட சேக்க வேணாம். தனியா ஏரிப் பக்கமா ஒண்ணு குடுத்துடலாம். கூட்டாளி செத்த எடம், புள்ள பயப்படுது."

அவர் அன்பாகத்தான் சொன்னார். குரலில் அது தெரிந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

சீட்டு எடுக்க வந்திருந்த அஜித்குமார், "அதுக்கின்னா மாமா, கரையிலயே ஒரு பாடு குடுத்துடு. மண்ணுல வல கட்டிக்கட்டும்" என்றான். சிலர் சிரித்தார்கள்.

"யார் சொன்னது?" என்று தினகரன் கேட்டான். சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

தேசப்பன் மாமா தடுமாறினார். "யார் சொன்னா இன்னாடா, வுடு."

"உன் வூட்லதான் சொல்லி அனுப்பிச்சாங்களாம்பா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "பொண்டாட்டி மடியில குந்தினு வல போடுறவனுக்கு முகத்துவாரம் எதுக்கு?"

என் பக்கத்தில் வைஷ்ணவியின் குடம் வழிந்து அவள் காலெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. மடி என்ற வார்த்தையைத் தினகரன் எப்படிக் கேட்டிருப்பான் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் மடியில் அழுததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் குரல் சும்மா ஒரு கேலிக்குத்தான் சொன்னது. ஆனால் கேட்டவனுக்கு அது எப்படித் தெரியும்?

"எல்லாரையும் போல எனக்கும் சீட்டு போடு மாமா" என்றான் தினகரன்.

போட்டார்கள். அவனுக்கு விழுந்தது தோணிரேவுப் பக்கத்து இடம். யாரும் எதுவும் கேட்டிருக்கவே வேண்டாம், தானாகவே அது விழுந்திருக்கும். முகத்துவாரம் அஜித்குமாருக்கு வந்தது. தினகரன் அவன் முன்னால் போய் நின்று, "மாத்திக்கலாமா?" என்றான். அஜித்குமாருக்குச் சிரிப்பு போய்விட்டது. "டேய் தீனா, சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்டா." தினகரன் தன் சீட்டை அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அவன் கையிலிருந்ததை எடுத்துக்கொண்டான். இறால் கொட்டும் இடத்தை யாரும் விடமாட்டார்கள். அன்றைக்கு அஜித்குமார் விட்டான்.

அன்று வீட்டில் அவன் கத்தவில்லை, கை நீட்டவில்லை. கத்தியிருந்தால் நான் போய் நடுவில் நின்றிருப்பேன். வைஷ்ணவி அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்காகத்தாங்க கேட்டேன்" என்று அழுதாள். "சரி" என்றான். "தெரியாம பண்ணிட்டேன்." "சரி." "திட்டுங்க, ஏதாவது சொல்லுங்க." "சோறு போடு" என்றான்.

அந்தப் பாடு முழுக்க அவன் முகத்துவாரத்தில் வலை கட்டினான். அடுத்த பாடு வந்தபோதும் அதையே கேட்டு வாங்கினான். ஊரில் இப்போது அவனைக் கேலி செய்ய ஆளில்லை, தைரியசாலி என்கிறார்கள். போகும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கழியைத் தோளில் வைக்குமுன் ஒரு தடவை எச்சில் விழுங்குவான். படகு தள்ளும்போது வைஷ்ணவி வாசலில் நிற்பாள். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை.

தருமனின் முதல் வருஷத் திதியன்று அவன் வீட்டில் படையல் போட்டிருந்தார்கள். ஐப்பசி என்றாலும் வெயில் போட்டுக் கொளுத்திய நாள் அது. தருமனின் அம்மா தினகரன் இலையில் முதலில் சோறு வைத்து, "நீதான்டா எனக்குப் புள்ள" என்றாள். அவன் தோள் நடுங்கியது. பரிமாறிக்கொண்டிருந்த வைஷ்ணவி பார்த்துவிட்டு, யாரும் பார்க்காதபடி அவன் முதுகில் கை வைத்தாள். "குளிருது" என்று சொல்லி எழுந்து போனான்.

ஏலத்தில் நாங்கள் இறால் பிரிக்கும்போது பெண்கள் எதையாவது பேசிச் சிரிப்பார்கள். "உன் புருசன் பேசவே மாட்டானாமே, குடுத்து வெச்சவடி. என் வூட்டுது வாய மூடினா நான் பொங்க வெப்பேன்" என்று ஒருத்தி வைஷ்ணவியிடம் சொன்னாள். அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு வழியில் என்னிடம், "அண்ணி, உன்னாண்டயாவது ஏதாவது சொல்றாரா?" என்று கேட்டாள்.

என்னிடமும் சொல்வதில்லை. அப்போதுதான் அந்த மழைநாளைப் பற்றி அவள் எனக்குச் சொன்னாள். "பயம்னு சொன்னது மட்டும்தான் அண்ணி நான் வெளிய சொன்னேன். அன்னிக்கு அவரு இன்னொண்ணும் சொன்னாரு. அத ஒருத்தராண்டயும் சொல்லல. சாமி சத்தியமா. ஆனா அதையும் சொல்லிட்டேன்னு அவரு நெனச்சினு கீறாரு."

"அது இன்னா?" என்று கேட்டேன்.

அவள் கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "அது அவரு சொன்னது. அவரேதான் சொல்லணும். என்ன வுட்டுடு."

நான் மூத்தவள். சின்னவனுக்கு வேட்டி கட்டக் கற்றுக்கொடுத்தவள். இந்த ஒரு விஷயம் அவனுக்குத் தெரிந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று எனக்குப் பட்டது. போன மாதம் அவன் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தீனா, அந்தப் பொண்ணு உன் பேச்சக் காப்பாத்தத் தெரிஞ்சவடா."

அவன் ஊசியை நிறுத்தவில்லை.

"நீ அன்னிக்கு அவளாண்ட ரெண்டு சொல்லிக்கீற. ஒண்ணத்தான் அவ தெரியாம வெளிய வுட்டா. இன்னொண்ணு நான் கேட்டும் சொல்லல. கூடப் பொறந்த எனக்கே சொல்லல. உன் பேச்சு உன்னாண்டயே கீது."

ஊசி நின்றது. அவன் என்னைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து நான் பார்த்த முகம்தான். கண்ணில் ஏதோ ஒன்று வந்து, இதோ சொல்லிவிடப் போகிறான் என்று நினைக்கும்படி உதடு அசைந்தது.

"இன்னொண்ணு இருக்குதுன்னு உனக்கு யாரு சொன்னது?" என்றான்.

நான் அவர்கள் வீட்டு வாசல் பக்கம் பார்த்தேன்.

"அது ஒண்ணு இருக்குதுன்னு சொன்னதே போதும்க்கா" என்றான். மறுபடி ஊசியை எடுத்தான். "இன்னிக்கு ஒண்ணு இருக்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லும். நாளைக்கு அது இன்னான்னு சொல்லும். தப்பா சொல்லல. அது நல்லதுக்குத்தான் சொல்லும்."

கோபமாகச் சொல்லவில்லை. யாரோ ஒருவனுக்கு நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னான். பிறகு, "வெயில்ல குந்தாத, உனக்குத் தலவலி வரும்" என்றான்.

நான் எழுந்து வந்தேன். வைஷ்ணவி வாசலில் நின்றிருந்தாள். நான் எதற்குப் போனேன் என்று அவளுக்குத் தெரியும். "இன்னா அண்ணி சொன்னாரு?" என்று கேட்டாள். கேட்கும்போதே முகத்தைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள்.

"வலைய முடிச்சிட்டு வரேன்னான்" என்றேன்.

அவன் வந்தான், கை கழுவினான். நான் இருந்ததால் எனக்கும் சேர்த்துச் சோறு போட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். அவன் தட்டில் குழம்பு தீர்ந்ததும் அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்தபடி, "இன்னும் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள்.

"போதும்" என்றான் என் தம்பி.