மீனின் சோறு

பழவேற்காடு ஏரியில் பச்சையம்மா பதினோரு வருஷமாகச் சேறு தோண்டுகிறாள். அதில் நெளியும் புழுக்களைப் பொறுக்கி வாளியில் போட்டு வைத்தால், இறால் பண்ணைக்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். அங்கே தாய் இறாலுக்கு அதுதான் தீனி. அதன் குஞ்சுகள் வளர்ந்து கப்பலேறிவிடும். ஏரிக்குத் திரும்பி வருவது பண்ணைச் சாக்கடை மட்டும்தான்.

நேற்றும் அவள் புருஷன் கலியன் வெறும் வலையோடு கரையேறினான்.

"இன்னா பாவம் பண்ணோமோ, ஒரு மீனு கூட வரல."

"பாவமாவது, புண்ணியமாவது! மீனு இன்னாத்தய்யா துன்னும்? அதோட சோத்ததான் நான் வாரி வித்துக்கினு கீறேன்."

இன்று காலை கலியன் வலையை வீட்டிலேயே போட்டுவிட்டு, மண்வெட்டியோடு அவள் பின்னால் வந்தான்.