கல்குவாரியில் ஓர் அமெரிக்க டிராகன்

2006 ஜனவரி, வெள்ளிக்கிழமை காலை. துபாயில் கராமாவிலிருந்து தேரா போய், ராஸ் அல் கைமா டாக்சியில் இருபது திர்ஹம் கொடுத்து ஏறினேன். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். "யல்லா பாய், ஜல்தி" என்று பாகிஸ்தானிப் பட்டாணி டிரைவர் என்னைப் பின் சீட்டில் திணித்தார். லீவு நாளும் அதுவுமாக எவனாவது கல்குவாரி பார்க்கப் போவானா? ஊரிலிருந்து தங்கை போனில் அழுதிருந்தாள். "அண்ணே, அவர அந்த மலையடிக்குப் போக விடாதீங்க."

அவள் கணவர் செல்வம், குவாரியில் வெடிக்குத் துளை போடுபவர். அவரோடு வேலை செய்த கருப்பையா போன மாதம் சரிந்த பாறைக்கு அடியில் போய்விட்டான்.

சிமெண்ட் ஆலைகளைத் தாண்டினால் மொட்டை மலை. பேருக்குக்கூட ஒரு பச்சை இல்லை. கேம்ப் வாசலில் நின்ற செல்வம் பாதியாக இளைத்திருந்தார். "வாங்க மச்சான், சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு நேரே குவாரிக்குக் கூட்டிப்போனார்.

கருப்பையா செத்த இடத்துக்கு மேலே, பாறையில் சிவப்புப் பெயிண்டில் ஒரு திருஷ்டிப் பூதம். கொம்பு, முட்டைக்கண், மீசை, கோரைப்பல். நம் ஊரில் புது வீட்டுக்கு மாட்டுவோமே, அதேதான்.

"நாங்கதான் வரைஞ்சோம். அதுக்கப்புறம் ஒரு கல்லு விழல. நாளைக்கு இதையே ஒடைக்கணுமாம். தொள போடற டூட்டி எனக்கு."

சைட் ஆபீசில் அமெரிக்க எஞ்சினியர் ஒருவர் இருந்தார். செல்வத்துக்கு வேறு வேலை கொடுங்கள் என்று கெஞ்சினேன். துளை போட வேறு ஆள் இல்லை என்று கையை விரித்தார். பிறகு, தங்கள் நாட்டிலும் இப்படி ஒரு டிராகன் உண்டு என்று உற்சாகமாக ஆரம்பித்தார். மிசிசிப்பி ஆற்றங்கரைப் பாறையில் செவ்விந்தியர்கள் வரைந்ததாம். மான் கொம்பு, சிவந்த கண், மனித முகம், உடம்பெல்லாம் செதில், உடம்பையே சுற்றி வரும் வால். முந்நூறு வருஷத்துக்கு முன் படகில் வந்த பிரெஞ்சுப் பாதிரியார் பார்த்து மிரண்டு எழுதி வைத்திருக்கிறார். ஆளைத் தின்னும் என்று பின்னால் வந்தவர்கள் கதை கட்டினார்கள். கடைசியில் அங்கேயும் கல்குவாரி வந்து, படத்தோடு பாறையை உடைத்துவிட்டார்களாம்.

எல்லாவற்றையும் செல்வத்துக்குத் தமிழில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஒடச்சவங்களுக்கு என்னாச்சுன்னு கேளுங்க மச்சான்."

கேட்டேன். அதை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை என்றார் எஞ்சினியர்.

டாக்சி வரைக்கும் செல்வம் கூடவே வந்தார். பாஸ்போர்ட் விசா கொடுத்த அரபி கஃபீலிடம் இருக்கும்போது, கிளம்பி வா என்று நான் எந்த வாயால் சொல்வது? கதவைச் சாத்தும்போது குனிந்தார். "வேற எடத்துக்கு மாத்திட்டாங்கன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லிருங்க."

வழியிலேயே அவள் போன் வந்தது. சொன்னேன்.

"அப்பாடா, இன்னைக்காவது தூங்குவேண்ணே" என்றாள்.