ஏழு வருடம் கழுவாத தொட்டி

என் அக்கா வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'வெந்நீர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அத்தான் என்பேன். படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் சலவைப் பிரிவுக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் தரும் தொட்டியைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பிரிவுக்குப் பொறுப்பாளர் நான். வேலை வாங்கிக் கொடுத்ததும் நானே. அவர் வாயில்லாப் பூச்சி. தொட்டியோடு பேசுகிற அளவுக்குக்கூட அக்காவோடு பேசுவதில்லை என்று கேலி செய்வேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியை ஆறவிட்டு, உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவியதும் அங்கே தொங்கும் அட்டையில் அவர் கையெழுத்து, கீழே என் கையெழுத்து. முதல் தடவை அவர் பிரஷ்ஷும் கையுமாக வந்து நின்றபோது வார்டுகளில் விரிப்புக்குத் தட்டுப்பாடு. இரண்டு நாள் தொட்டியை நிறுத்தினால் என் தலைதான் உருளும்.

"இந்தத் தடவை விடுங்க அத்தான். கையெழுத்த மட்டும் போடுங்க."

தயங்கினார். முறைத்தேன். போட்டுவிட்டார். பிறகு ஏழு வருடம் அதுவே வழக்கமாகிவிட்டது.

போன மாதம் ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண்ணைக் கண்காணிப்பாளர் அழைத்துவந்தார். சுடுநீரில் பிழைக்கும் நுண்ணுயிர்களைத் தேடுகிறாளாம். தொட்டியின் வடிகுழாயைத் திறந்ததும் மஞ்சளாக, கொழகொழவென்று ஏதோ அவள் பிடித்த சீசாவில் வந்து விழுந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவளோ குதிக்காத குறைதான்.

"இந்தச் சூட்டுல நாம வெந்துடுவோம், இது குடும்பமே நடத்துது பாருங்க! வியாழனைச் சுத்துற ஒரு நிலாவுல, பனிக்கட்டிக்கு அடியில கடல் இருக்கலாம்ங்கிறாங்க. அந்தக் கடலோட தரையில இப்படிச் சூடு இருந்தா, அங்கயும் உயிர் இருக்கலாம் இல்லயா?"

அத்தான் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அவள் அட்டையைப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"ரெண்டு வாரம் முன்னாடிதான் கழுவினீங்களா? அப்ப இது இங்கயே வளந்ததுன்னு சொல்ல முடியாது. எனக்கு உதவாது." சீசாவைக் கவிழ்க்கப் போனாள்.

"கொட்டாதீங்கம்மா," என்றார் அத்தான். "ஏழு வருஷமா கழுவவே இல்ல."

கண்காணிப்பாளர் என் பக்கம் திரும்பினார். "உங்க கையெழுத்தும் இருக்கே?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. அதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். கழுவிட்டேன்னு நான் சொன்னேன், நம்பிட்டாங்க."

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அத்தான் அழுக்குத்துணி வண்டி தள்ளுகிறார். வழியில் என்னைப் பார்த்தால் எப்போதும்போல ஒதுங்கி வழிவிடுகிறார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. தரையைப் பார்த்தபடி கடந்துபோகிறேன்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன், அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று. அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு எடுத்துட்டுப் போனது வளருதாம்மா?" என்று கேட்டார்.

"வளருதாம் அத்தான்."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேக்குற கேள்வியப் பாரு! இந்த மனுஷனால உன் வேலையும் போயிருக்கும்டி." என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இவருக்காக நான் மன்னிப்புக் கேக்குறேன். மனசுல வச்சுக்காத."

அத்தான் தலை நிமிரவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லக்கா, விடு," என்றேன்.