நடுவில் விழாத தூசு

ஆய்வுக்கூடத்தில் அவளைக் காந்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் வண்டியில் காந்தங்களைப் பொருத்துவது அவள் வேலை. வீட்டிலோ தூசு என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. கணவன் இரும்புக் கதவுகளைத் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பவன். வாசலில் சட்டையை உதறாமல் உள்ளே கால் வைத்துவிட முடியாது.

"தூசு புடிக்க இன்னொரு கிரகத்துக்கே பொறி அனுப்பறா, என் தூசுக்கு மட்டும் வீட்டுல இடமில்ல" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

பொறிதான் அது. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வளையக் காந்தம். காற்றில் வரும் தூசில் காந்தத்துக்கு இழுபடுவதையெல்லாம் வளையம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இழுபடாதது மட்டும் நடுவில் விழும்.

பொருத்தும் நாளன்று வளையம் அவள் இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. மறைக்கவில்லை, உடனே சொன்னாள். தலைமை விஞ்ஞானி அளந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகலம்மா, மாட்டுங்க" என்றார். மாட்டினாள், மனசுதான் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று இருந்து, அங்குள்ள குளிரில் பிளந்துவிட்டால்? எல்லாத் தூசும் நடுவில் விழும். ஒரு கிரகத்தைப் பற்றியே எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், இவள் கை நழுவியதால். வீட்டில் கணவனிடமும் இதையே சொல்லிப் புலம்பினாள்.

வண்டி செவ்வாயில் இறங்கிப் பல வாரம் கழித்து, விஞ்ஞானி அவளைத் திரைக்கு முன் உட்காரவைத்தார். வளையத்தின் மேல் செம்பழுப்புத் தூசு அப்பிக் கிடந்தது. நடுவில், துடைத்துவைத்த தட்டுபோல, ஒன்றுமே இல்லை.

"நடுவுல விழவே இல்லையா சார்?"

"உங்க வளையம் ஒண்ணையும் விடலம்மா."

"அப்போ இழுபடாத தூசு?"

"அப்படி ஒண்ணு அங்க இல்ல போலிருக்கு. பறக்கற ஒவ்வொரு துகளையும் காந்தம் இழுக்குது."

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வானத்தில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும் ஒரு உலகம். அங்கே வீசும் காற்று முழுக்க, தன் விரல்நுனிக் காந்தம் கூப்பிட்டால் வந்துவிடும் தூசு!

சாயங்காலம் வாசலில் சட்டையை உதறப்போன கணவனைத் தடுத்தாள். பையிலிருந்த சிறு காந்தத்தைச் சட்டைமேல் தடவினாள். கதவைத் தேய்த்த இரும்புத்தூள் மீசைபோல் சிலிர்த்து நின்றது. பெயிண்ட் தூசு சட்டையிலேயே கிடந்தது.

"உங்க தூசுல பாதிதான் வருது. அங்க அத்தனையும் வருதுங்க."

எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன் அன்று காந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்போ, அன்னிக்கு விழுந்தது உடையலையா?"

"உடையல" என்றவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். சட்டையை உதறாமலே அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.