உணவுக்குப் பின் மட்டுமே

சேர்ந்த முதல் நாளே எனக்குப் படம் காட்டினார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே படம்.

அரசு மருந்தாளுநராக ஓய்வுபெற்ற என்னை, தென்காசியில் ஒரு தனியார் இருதய மருத்துவமனை ஆலோசகராக அழைத்திருந்தது. நோயாளிகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று ஏஐயிடம் வீடியோ செய்து வாங்கியிருந்தார்கள். பின்னணியில் குற்றால அருவி கேட்டதற்கு ஏஐ பனிமலையைக் கொடுத்திருந்தது. அதன் முன்னால் வியர்க்காத, தும்மாத ஒரு டாக்டரம்மா, “மாத்திரைகளை உணவுக்குப் பின் உட்கொள்ளவும்” என்றார்.

“ஏதாவது சேர்க்கணுமா சார்?” என்றார் மேனேஜர்.

பலர் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு எரிகிறது என்று வருவார்கள். ஆகவே என் அனுபவத்தையெல்லாம் திரட்டி ஒரு சொல் சேர்த்தேன்: ‘மட்டுமே’.

ஐப்பசியில் ஆய்க்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவரை அவர் மனைவி ஆட்டோவில் கொண்டுவந்தார். இருதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நெஞ்சு இறுக்கம், சட்டை முழுக்க வியர்வை. ஈசிஜி எடுக்கும்போதே கேட்டேன்.

“ஏட்டையா, மாத்திரை போட்டீங்களா?”

“மூணு நாளா போடல சார். சஷ்டி விரதம்லா. வெறும் பாலும் பழமும்தான்.”

“யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?”

“நிறுத்தலையே! உணவுக்குப் பின் மட்டுமேன்னு அந்த வீடியோப் பொண்ணு சொல்லுதா. உணவே இல்ல, அப்புறம் எங்கன இருந்து ‘பின்’ வரும்?”

நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சட்டம் பேசினார். அவர் மனைவி அழுகையோடு வெடித்தார்:

“முப்பத்தஞ்சு வருசமா நான் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டதில்ல சார். அந்தப் பொம்ம சொன்னா மட்டும் கேக்குதாவ!”

மூன்று நாள் மாத்திரை இல்லாததால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையத் தொடங்கியிருந்தது. கேத் லேபில் குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினார்கள். பிழைத்தார். நோயாளிகள் பேச்சைக் கேட்கத்தான் வீடியோ. ஒருவர் கேட்டே விட்டார்.

‘மட்டுமே’யை நானே வெட்டினேன். ‘விரத நாளிலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்’ என்று புது வரி சேர்த்து, வார்டில் அவருக்கே முதலில் போட்டுக் காட்டினேன். கவனமாகப் பார்த்தார்.

“சரி சார். விரத நாள்ல நிறுத்தப்பிடாது. மத்த நாள்ல நிறுத்தலாமா?”

“ஏ, சும்மா கெடங்க!” என்றார் மனைவி.

மருந்துச் சீட்டுக்கு விளக்கம் எழுதும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வீடியோ ஓடி முடிந்ததும் நோயாளி தன் வாயால் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதை மனிதர் ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். எங்கள் மருத்துவமனையில் அந்த வேலைக்கு இன்னும் ஏஐ வாங்கவில்லை. இப்போதைக்கு நான்தான்.